நாலு விரல் உயரம்

என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். அதோடு ஆட்டிசமும் உண்டு. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வரலாம் என்று சொல்ல ஒரு டாக்டர் கிடைத்தபோது எனக்கே தலை நரைத்துவிட்டது. அறுபதுகளில் திருப்பதியில் பார்த்த டாக்டர் முதலாவதை மட்டும் சொல்லி, இப்படிப்பட்ட பிள்ளைகள் சிரித்த முகமாக எல்லாரிடமும் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவைத் தேற்றி அனுப்பினார். இவள் யாரிடமும் ஒட்டவில்லை. பேசவில்லை. தொட்டால் அலறுவாள். டாக்டர் சொன்னதை அம்மா சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபை முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால், ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வந்தார்கள். அவள் கத்தினால், வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவை முறைத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்குப் பதினாறு வயதானபோது அம்மா ஒரே பிடியாக நின்றாள்: இவளும் திடப்படுத்தல் பெற்று, சபையின் முழு அங்கமாகி, எங்களோடு மண்டியிட்டுத் திருவிருந்து அப்பம் எடுக்க வேண்டும். அதற்குப் பேராயர் வந்து தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். தலையில் கை! சீப்பு வைக்கவே நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "வாணாம்மா. பேராயர் எதிர்ல கத்திக்கினு கிடந்தா சபைக்கே மானம் பூடும்" என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் குடும்ப ஜெபத்தில் நைனா, எங்கள் அப்பா, அவள் தலைக்கு மேலே கையைப் பிடித்தார். முதல் வாரம் ஒரு முழ உயரத்துக்கே எழுந்து ஓடினாள். கிறிஸ்துமஸ் வந்தபோது ஒரு சாண். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாலு விரல். அதற்குக் கீழே அவள் விடவில்லை, நைனாவும் இறக்கவில்லை.

"இம்மாந்தான் அவ வுடுவா. இது போதும்" என்று சொல்லி, போதகரிடம் போய் அந்த நாலு விரலைக் காட்டிவிட்டு வந்தார்.

பேராயர் வந்த ஞாயிறு, வெள்ளைச் சேலையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே அவள் மண்டியிட்டாள். அவர் கை இறங்கி, நாலு விரல் உயரத்தில் நின்றது. வயதானவர். ஆனாலும் ஜெபம் முடியும்வரை அங்கேயே பிடித்திருந்தார். அவள் ஆடுவதை நிறுத்தவில்லை. கத்தவும் இல்லை.

வெளியே வந்ததும் கமிட்டிப் பெரியவர், "கை தலைல படவே இல்லியே, செல்லுமா?" என்றார்.

ஆண்கள் நிற்கும் இடத்தில் வாய் திறக்காத அம்மா திரும்பினாள். "பட்டிருந்தா உங்களுக்கே கேட்டிருக்கும்ண்ணே."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெருமையையும்தான்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் தோள் உரச மண்டியிடுவது எங்கள் வழக்கம். தங்கைக்கு இந்தப் பக்கம் நான் இடம் விட்டு மண்டியிட்டேன். அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை முடியும் இடம். வந்தவர் அதே பெரியவர். அவளை ஒருமுறை பார்த்தார். யாரும் சொல்லாமலே ஒரு சாண் தள்ளி மண்டியிட்டார்.

தங்கை தட்டிலிருந்து அப்பத்தைத் தானே எடுத்து, கோயிலுக்கே கேட்கும்படி மென்று தின்றாள்.