தொடைப் பட்டை

சனி, ஞாயிறு வந்தாலே எனக்குப் பயம். மற்றவர்களுக்கு லீவு நாள். எனக்கோ, எங்கேயோ ஐரோப்பாவில், நான் தைத்த பட்டைகளை மாட்டிக்கொண்டு ஆட்கள் விமானத்திலிருந்து குதிக்கிற நாள். திங்கட்கிழமை ஷெட்டுக்குப் போய், கெட்ட செய்தி எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டீ இறங்கும்.

வீடு முத்தியால்பேட்டையில். வேலை ஊருக்கு மேற்கே ஒரு தகர ஷெட்டில். கம்பெனியின் ஆபீஸும் வியாபாரமும் ஐரோப்பாவில். வெட்டுவதும் தைப்பதும் இங்கே. பாராசூட் துணியை வேறு பெண்கள் தைக்கிறார்கள். என் மெஷினில் ஓடுவது ஹார்னஸ். குதிப்பவரின் தோள், மார்பு, இரண்டு தொடை என்று உடம்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டைகள். பாராசூட் குடை எவ்வளவு அழகாக விரிந்தாலும் ஆள் தொங்குவது இதில்தான்.

கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஜென்மம் நான். போட்ட தையலையும் அப்படித்தான், விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன். "ஒன் பயத்துக்குத்தாம்மா இங்க சம்பளம்" என்று கட்டிங் மாஸ்டர் கிண்டல் செய்வார். முஸ்லிம், தலைமுறை தலைமுறையாகத் தையற்காரக் குடும்பம். ஷெட்டில் எல்லோருக்கும் அவர் பாய்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஹார்னஸும் ஒருவருடைய அளவுக்கென்றே தைப்பது. அனுப்புவதற்கு முன்னால் இரும்பு உத்தரத்தில், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற செயின் பிளாக் போட்டு அதை மாட்டுவோம். எங்களில் யாருடைய உடம்பு அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வருகிறதோ, அவர் அதில் ஏறித் தொங்கிப் பார்க்க வேண்டும். நெட்டைக்கு ஒருத்தி, குட்டைக்கு ஒருத்தி, தொப்பைக்குப் பாய். சிரிப்பும் கேலியுமாகத்தான் நடக்கும்.

அந்த ஆர்டர் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இடது தொடைக்கு முழு அளவு இருந்தது. வலது தொடைக்கு, இடுப்பிலிருந்து ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். தப்பாகக் குறித்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாய் கேட்டுப் பார்த்தார். தப்பில்லையாம். விபத்தில் கால் போன ஒரு பெண். முன்பு குதித்துக்கொண்டிருந்தவள், திரும்பவும் குதிக்கப் போகிறாள்.

"பைத்தியமா பாய் அவளுக்கு?" என்றேன்.

"பைத்தியமோ இன்னாவோ, நீதான் தெக்கப் போற" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. தொடைப் பட்டை நிற்பது தொடையின் நீளத்தை நம்பித்தான். குடை விரிகிற வேகத்தில் ஆளை மேலே வெட்டி இழுக்கும். அப்போது இந்தக் குட்டைத் தொடையிலிருந்து பட்டை உருவிக்கொண்டு வந்தால்? முகம் தெரியாத அந்தப் பெண் ஒருபக்கமாகச் சரிந்து வழுக்கி விழுவது என் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தொடைப் பட்டைகளையும் பின்பக்கமாகச் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்குப் பட்டை வைத்தோம். பஞ்சைத் துணியில் சுருட்டித் தொடை மாதிரி செய்து, மணல் மூட்டையோடு கட்டித் தொங்கவிட்டோம். நின்றது.

பஞ்சில் நிற்பது சதையில் நிற்காது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு தொடைக்கு நான்தான் தினமும் வீட்டில் துணி சுற்றிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சவுண்ட் சர்வீஸில் சீரியல் லைட் கட்டுகிறவர். கோயில் கோபுரம், மாதா கோயில் கொடிமரம் என்று எதிலும் வெறுங்காலோடு ஏறுவார். கீழே நின்று பயப்படுவது என் வேலை. புதுச் செருப்பு கடித்த புண் சர்க்கரையால் ஆறாமல் போய், கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே வலது காலை எடுத்தார்கள். அதையும் தாங்கினார். வீட்டுக்கு வந்த பிறகு பாத்ரூமில் வழுக்கி, வெட்டின இடத்திலேயே விழுந்தார். தையல் விட்டு, மறுபடி ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு என் தோள் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. கட்டைக் கால் கொடுத்தார்கள்; அது பரண்மேல் கிடக்கிறது. கோபுரம் ஏறினவருக்குப் பாத்ரூம் வாசற்படியைப் பார்த்தாலே வேர்த்துவிடும்.

பாய்க்கு இதெல்லாம் தெரியும். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தம்பி ஒரு தடவ வந்து ஒக்காந்து பாக்குமாம்மா?"

"எம் புருஷன் இன்னா மணல் மூட்டையா பாய்?" என்று வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஹார்னஸ் மேஜைமேல் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் பயம். சோதிக்காமல் அனுப்பினால் அவள். சோதித்தால் இவர். இன்னொரு தடவை விழுந்தால் இந்த மனுஷன் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கடைசியில் சோறு போடும்போது சொன்னேன். முடியாது என்று சொல்லிவிடுவார், பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தப் பொம்பளைக்கு எந்தக் காலு?"

"வலது."

"எவ்ளோ மிச்சம்?"

"ஒரு சாண்."

"டேப்பு எடுத்தாந்து எனக்கு அளவெடு."

எடுத்தேன். மருந்துக்கும் துணிக்கும் தவிர அந்த இடத்தில் நான் கை வைத்ததில்லை. இவருடையது அவளுடையதைவிட இரண்டு விரல் குட்டை.

"அப்ப எனக்கு நின்னா அவளுக்கு நிச்சயமா நிக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.  நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

ஆட்டோவில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஷெட்டில் கீழே பஞ்சு மெத்தைகளை அடுக்கிவைத்திருந்தார் பாய். மற்றப் பெண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார். அந்த மரியாதைக்கு இன்றுவரை நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

ஹார்னஸை நானே மாட்டினேன். ஒவ்வொரு பக்கிளையும் இழுத்துப் பார்த்தேன். பாய் சங்கிலியை இழுத்தார். ஒற்றைக் கால் தரையை விட்டு ஒரு முழம் ஏறியிருக்கும். வலது பட்டை தொடையிலிருந்து சரசரவென்று வழுக்கி வெளியே வந்தது. ஆள் அப்படியே வலப்பக்கம் சாய்ந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பாத்ரூமில் அவர் விழுந்த அன்று கேட்டிருக்கிறேன். பாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தாங்கிப் பிடித்து இறக்கினோம். அடி ஒன்றுமில்லை. ஆனால் முகம் வெளுத்து, வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

"போதும்யா. வா, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.  பாய் பக்கிள்களைக் கழற்றினார்.

என் வீட்டுக்காரர் மெத்தைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "இப்டியேதான அந்தப் பொம்பளையும் வுழும்? எங்க வழுக்குதுன்னு பாரு."

பார்த்தேன். பின்னால் வைத்த குறுக்குப் பட்டை நீளம் அதிகம். அந்தத் தொய்வில்தான் வலது பட்டை முன்னுக்கு நகர்ந்து இறங்கியிருக்கிறது. அதைப் பிரித்து, குறுக்கி, இடுப்புப் பக்கமாக மேலே ஏற்றித் தைக்க வேண்டும். மெஷினில் உட்கார்ந்தேன்.  தைத்ததைப் பிரித்து, திரும்பவும் தைத்தேன். பாய் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுபடி மாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக நகர்ந்தது. எனக்கு அந்தப் பட்டையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. சதையில் அழுந்தியது. கொஞ்சம் நகர்ந்தது. என் உயிர் போனது. பிறகு இடுப்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. அவர் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். அப்போதும் நின்றது.

சங்கிலி நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஏத்து பாய்" என்றார்.

பாய் இழுக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை வுடு" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவருடைய இடது கணுக்காலை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. என் விரல்கள் பதிந்த இடம் வெளுத்திருந்தது.

"வுடு. ஏத்தட்டும்."

பயமாகத்தான் இருந்தது. விட்டேன்.