ஏழாம் நம்பர் அயர்னும் மாரியப்பன் கையும்

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர்களை எண்ணி மாளாது. ஆனால் போன இடத்தில் கோல்ஃப் கற்றுக்கொண்டு திரும்பியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் டிரில்லர் மாரியப்பன். இன்னொருவர் அவரோடு கென்யாவில் பதினெட்டு வருஷம் இருந்த சேலத்து மெக்கானிக் அலெக்ஸ். அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியின் கோல்ஃப் கிளப்புக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த நன்றிக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களையும் விளையாட விட்டார்கள். அப்போது பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

ஊருக்கு வந்ததும் வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஐந்து குழி போட்டார்கள். குழிக்கு வைக்கக் கையில் கிடைத்தது ஆறரை அங்குல போர் பைப். வெட்டிப் புதைத்தார்கள். இரண்டு வருஷம் பந்தெல்லாம் மடமடவென்று விழுந்தது, இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. பிறகுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் அலெக்ஸின் மகள் அக்சிலியா, நிஜக் குழி நாலேகால் அங்குலம் என்று சொன்னாள். பைப்பை மாற்றினார்கள். பந்தும் அன்றோடு விழுவதை நிறுத்திக்கொண்டது.

இந்தக் கூத்தெல்லாம் வெளியில்தான். உள்ளுக்குள் மாரியப்பனுக்கு ஒரு குறை இருந்தது. தன் கை செத்துப்போய்விட்டது என்று ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்தக் கைக்குப் பெரிய பேர். ரிக்கின் லீவரைப் பிடித்து நின்றால், முந்நூறு அடிக்குக் கீழே பாறையா, மண்ணா, ஈரமா என்று அதிர்வை வைத்தே சொல்லிவிடுவார். கென்யாவில் கடைசி வருஷம் ஒரு கிராமத்தில் அது நடக்கவில்லை. அடியில் மண் சரிந்ததை அவர் உணரவே இல்லை. பாறையை உடைக்கும் ரிக்கின் சுத்தியல் அடியிலேயே புதைந்து, போர் பாழாய்ப் போனது. விடியற்காலையிலிருந்து காத்து நின்ற பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள். அடுத்த மாதமே மாரியப்பன் ஊருக்கு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் எல்லாமே அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சி சொல்லின. லீவர் பிடித்துக் காய்த்துப்போன கையால் கொதிக்கும் காப்பி டம்ளரை அசராமல் பிடிப்பார். "ஏனுங்க, சூடு ஒறைக்கலைங்களா?" என்று மனைவி அறிவுச்செல்வி கேட்பாள். ஏரியில் பந்தை அடித்தாலும் கைக்கு ஒரு சேதியும் வராது. பந்தடிக்கும் இரும்பு மட்டைகளான அவருடைய அயர்ன்களோ கற்றுக்குட்டிகளுக்கானவை, முதுகு தடித்தவை. எங்கே பட்டாலும் பந்து ஒருமாதிரி போய்ச் சேரும்.

போன வாரம் அக்சிலியாவின் மேலதிகாரி தன் அயர்ன்களை விற்கப் போவதாகச் சொல்ல, அவள் அவற்றை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் ரகம். பிடிக்காவிட்டால் ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரியப்பன் ஏழாம் நம்பரை உருவினார். தலை வெட்டரிவாள் போல மெல்லிசாக இருந்தது. முதல் பந்தை அடித்தார். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்தியா, இதுலயும் தெரீல. கை போயே போச்சப்பா" என்றார்.

அலெக்ஸ் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பந்து குழிக் கொடிகிட்ட கெடக்குது மாரி. மட்டையோட நடு நெத்தியில பட்டா கைக்கு ஒன்னும் தெரியாதாம். அக்சி சொன்னா."

மாரியப்பனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இன்னொன்று அடித்தார். இந்த முறை பந்து தரையோடு உருண்டு கருவேல முள்ளுக்குள் போனது. சுளீரென்று முழங்கை வரைக்கும் ஏறியது வலி. மட்டையைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார்.

"வலிக்குதப்பா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லி அலெக்ஸ் கேட்டதில்லை.

அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். "நுனியில பட்டுது. வலப்பக்கம் போயிருக்கோணும்." வலப்பக்கம்தான் போயிருந்தது. அடுத்தது. "மண்ணு மொதல்ல, பந்து பொறவு. பாதி தூரம்." பாதி தூரம்தான். பத்துப் பந்தில் ஒன்பதைக் கண் திறக்காமலே சொன்னார். கை எல்லாவற்றையும் சொன்னது, லீவரில் நின்ற காலத்தில் சொன்ன மாதிரியே. அந்தக் காலத்து டீசல் வாசமும் செம்மண் தூசும் மூக்கில் ஏறின. இத்தனை வருஷம் சேதியை அமுக்கி வைத்தது தடித்த அயர்ன்தான் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷம் வடிந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். கை செத்திருந்தால் அந்தப் போர் பாழானதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

"கை சொல்லியிருக்குமப்பா அன்னிக்கு" என்றார் மெதுவாக. "இன்னொரு கையில போனு. ஊட்டுக்காரிகிட்ட, மக அபிநயா கல்யாணத்துக்கு அடுத்த மாசம் பிளேன் ஏறி வாரேன்னு சொல்லிட்டிருந்தேன். கை சொன்னத நாந்தான் கேக்கல."

அலெக்ஸ் ஒரு அயர்னைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும். பக்கத்துலதான நின்னேன்."

"ஏம்ப்பா இத்தன நாளு சொல்லல?"

"நீ கைய ஏசுன. அப்படியாவது இருக்கட்டும்னு நான் வுட்டுட்டேன்."

மாரியப்பன் இடக்கையால் வலக்கையை வருடிவிட்டுக்கொண்டார்.

வெயில் சாய்ந்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கட்டட்டுமா?" என்று அலெக்ஸ் கேட்டார்.

"வேண்டாம், இது இங்கயே இருக்கட்டும்" என்றார் மாரியப்பன். எழுந்து இன்னொரு பந்தை வைத்தார். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அதை எடுத்து அணைத்து, அலெக்ஸிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்தார்.