எந்திரத்தில் நடந்த குளிர்காலம்

பக்கவாதம் வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. டெல்லி முனிர்காவில் தரைத்தளத்து வீட்டில் தனியாக இருந்தேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியிலிருந்து வந்த தங்கை ஒரு மாதம் இருந்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கிளம்பிப் போனாள். இடது கால் தரையில் இழுபட்டுக்கொண்டே இருந்தது.

புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்கிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சேர்ந்தேன். முதலில் உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு வில்லைகளைத் தலையில் வைத்துக் கட்டி, மூளைக்கு மிக லேசான மின்சாரம் கொடுப்பார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு வார்களில் மாட்டி, ஓடும் பட்டையின் மேல் தூக்கி நிறுத்துவார்கள். எந்திரத்தின் இரும்புக் கால்கள் என் கால்களைப் பிடித்து நடத்தும். எதிரே பெரிய கண்ணாடி. அதில் ஒரு குறையும் இல்லாதவள்போல நடந்துகொண்டிருப்பேன். இறக்கிவிட்டதும் மறுபடி அதே கால்.

எனக்கு அடுத்து எந்திரத்தில் ஏறுபவர் ஒரு கொத்தனார். விழுப்புரம் பக்கத்துக்காரர். வீட்டு வேலை செய்யும் அவர் மனைவிதான் கூட வருவாள். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்தக் கரண்டு வச்சா புத்தி மாறிடுமாக்கா?”

“மாறாது. லேசா குறுகுறுன்னு இருக்கும், அவ்வளவுதான்.”

“டாக்டரு வேகமா இந்தியில சொல்றாரு. நானும் அச்சா அச்சான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

அன்றிலிருந்து டாக்டர் சொல்வதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். டிசம்பர் குளிரில் ஈரத் தலையோடு நான் வெளியே வந்தால், “குனிங்கக்கா, சளி புடிச்சுக்கும்” என்று முந்தானையால் துவட்டிவிடுவாள். அவளிடம் என்ன பேசலாம் என்று ஆட்டோவில் வரும்போதே யோசித்துவைக்க ஆரம்பித்தேன்.

நான்காவது வாரம் அவர்கள் வரவில்லை. அவள் கொடுத்திருந்த எண் அவர்கள் குடிசைப் பக்கத்துக் கடையுடையது. போன் செய்தேன். இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் கடைக்காரர். புருஷனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அவளுக்கு இரண்டு வீட்டு வேலை போயிருந்ததாம். எனக்கு அதை அவள் சொல்லவேயில்லை. நானும் கேட்டதில்லை.

மிச்ச வாரங்கள் தனியாகப் போய்வந்தேன். பையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் சிகிச்சை முடிந்தது. மின்சாரத்தால் தேறினேனா, எந்திரத்தாலா, நாளாக ஆகத் தானாகவா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தடியோடு மார்க்கெட் வரை நடந்தேன். வீட்டுக்கு வந்து தங்கைக்கு போன் செய்தேன்.

“நெஜமாவா? தனியாவாக்கா போன?”

“தனியாத்தான்.”

வாங்கிவந்த பச்சைப் பட்டாணியை வெயிலில் உட்கார்ந்து உரித்தேன். இடது கை இன்னும் சரியாக வரவில்லை. முடிக்க மத்தியானம் ஆயிற்று.