பச்சை மை அவருடையது அல்ல

இரத்தினம் அண்ணனின் பேனா விமானத்தில் ஒருமுறைகூடக் கசிந்ததில்லை. கசிந்தது என்று அவருடைய இரங்கல் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு பெண்ணின் உடையைப் பாழாக்கியது என்றும் சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. இப்போது அந்தப் பேனாவைக் கண்ணாடிப் பெட்டியில் படுக்கவைத்து, ‘வானத்தில் கசிந்த பேனா’ என்று அட்டை எழுதி, நம் வாசகர் வட்டத்தின் அறையில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். பதில் சொல்ல முடியாத ஒருவருக்குச் செய்யப்பட்ட அநியாயம் இது. கூட்டத்தில் என்னைப் பேச விடவில்லை. அதனால் எழுதுகிறேன். வட்டத்தின் மலரில் இதை ஒரு வரிகூடக் குறைக்காமல் போட வேண்டும்.

அவர் போன செய்தி வந்தபோது ஈசூன் ரயில் நிலைய மேடையில் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில் வட்டத்தின் கூட்டத்துக்குத்தான் கிளம்பியிருந்தேன். கைப்பேசியில் கூப்பிய கைகளின் படம் ஒன்று, அதன்கீழ் அவர் பெயர். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. அடுத்த ரயிலும் போனது. புக்கிட் பாத்தோக்கில் அவரும் இந்நேரம் ஏறியிருப்பார், சட்டைப் பையில் பேனா இருக்கும், எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொள்வார் என்று மனம் தன் பாட்டுக்கு நினைத்துக்கொண்டே இருந்தது. மனத்துக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை போலும்.

அவர் ஒரு கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது இங்கேதான். ஆனால் பெற்றோரின் யாழ்ப்பாணம் அவர் பேச்சில் கடைசிவரை குடியிருந்தது. நான் மின்பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பள்ளிக்கூடம் எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. மீதியை நூலகத்தின் தமிழ் அலமாரியில் நானே பார்த்துக்கொண்டேன். வட்டத்தில் சேர்ந்த புதிதில், என் உச்சரிப்பைத் திருத்தாமல் நான் சொன்னதை மட்டும் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வட்டத்தார் ஆண்டுக்கு ஒரு முறை சேர்ந்து பயணம் போவோம். முதன்முதலில் அவரோடு நான் விமானம் ஏறியது பினாங்குக்கு. விமானம் ஓடுபாதையில் திரும்பியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். சட்டைப் பையில் முனை மேலே பார்த்தபடி பேனா. அதன்மேல் ஒரு கை. கண்கள் மூடியிருந்தன. பயப்படுகிறார் என்று நினைத்து, “தண்ணி வேணுமா அண்ணே?” என்று கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். விமானம் மேலே ஏறியது. கீழே கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. விடியும் நேரம். எது கடல், எது வானம் என்று தெரியவில்லை. விளக்குகளின் நடுவே நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். அந்த நீலத்தில், தூங்கும் குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டவர் மாதிரி அவர் அசையாமல் இருந்தார்.

மேகத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினார்.

“பயமில்லை, தங்கச்சி. பேனைக்குள்ள காத்து இருந்தா மேல போகப் போக அது பெருக்கும், மையைத் தள்ளிக்கொண்டு வெளிக்கிடும். அதுதான் வீட்டிலேயே விளிம்புவரை நிரப்பிப்போடுவன். முனையை மேல பார்க்க வைச்சா மிச்சக் காத்தும் தன்ர வழியில போய்விடும்.”

“அப்ப கண்ண ஏன் மூடினீங்க?”

“அது சும்மா. நல்லா இருந்தது.”

பிறகு மேசைப் பலகையை விரித்து, காப்பிக்குக் கொடுத்த காகிதக் கைக்குட்டையில் ஒரே ஒரு சொல் எழுதினார். ‘பஞ்சு.’ பேனாவை என்னிடம் நீட்டினார். மை பேனாவால் நான் அதற்குமுன் எழுதியதே இல்லை. ‘உப்பு’ என்று எழுதினேன். வெளியே எனக்கு உப்பளம் மாதிரிதான் இருந்தது. மெல்லிய காகிதத்தில் என் எழுத்து ஊறி, பெருத்து, ஓரம் கலைந்து, அதுவும் ஒரு மேகமானது. அன்றிலிருந்து வட்டத்தில் அது வழக்கமாகிவிட்டது. மேகத்துக்கு மேலே போனதும் அவர் பேனா வரிசை வரிசையாகக் கைமாறும். ஆளுக்கு ஒரு சொல். இறங்கும்போது காகிதத்தைக் குப்பையோடு கொடுத்துவிடுவார். வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, “மேல எழுதினது மேலயே இருக்கட்டும்” என்றார். இவ்வளவு கைமாறியும் ஒரு சட்டை கறைபட்டதில்லை. அந்த வரிசைகளில் உட்கார்ந்தவர்கள் நீங்கள்தான். உங்களில் யார் சட்டை கறைபட்டது என்று சொல்லுங்கள்.

இனி, அந்தத் திருச்சிப் பயணம்.

நம் தலைவரின் பெயரை நான் எழுதவில்லை. அவருக்கே தெரியும். அண்ணனைப் பார்த்து அவருக்கும் மை பேனா ஆசை வந்தது. புதிதாக ஒன்று வாங்கினார். அதிகாரிகள் கையெழுத்துப் போடும் பச்சை மையை ஊற்றிக்கொண்டார். சாங்கி விமான நிலையத்தில் காத்திருக்கும்போது, அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

“ஒண்டில் முழுக்க நிரப்புங்கோ, இல்லாட்டி கழுவி வெறுமையாக் கொண்டு வாங்கோ. அரைவாசி மட்டும் வேண்டாம்.”

“ஒரு கையெழுத்துக்கு எவ்ளோ மை வேணும் இரத்தினம்? போதும் லா” என்றார் தலைவர்.

விமானத்தில் நான் ஜன்னலோரம். நடுவில் அண்ணன். அவருக்கு அந்தப் பக்கம், நடைபாதையோரம், இங்கே தாதியாக வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறாள். இறங்கி நேரே மண்டபத்துக்குப் போக வேண்டும் என்பதால் சந்தன நிறத்தில் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். விமானம் முழுவதும் கோடாலித் தைல வாசனை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நடைபாதைக்கு அந்தப் புறம் இருந்த தலைவர், “இரத்தினம், இதப் பாருங்களேன், ஈரமா இருக்கு” என்று தன் பேனாவை அவள் மடிக்கு மேலாக நீட்டினார். மூடியைத் தளர்த்தியிருந்தார். அண்ணன் கைநீட்டி வாங்கிய அந்த நொடியில் மூடி கழன்றது. மூடிக்குள் தேங்கியிருந்த பச்சை மை அவள் மடியில் கொட்டியது.

“ஐயோ, இதோடவா மண்டபத்துக்குப் போறது” என்று அவள் அழத் தொடங்கினாள். தலைவர் முன் இருக்கையின் பையிலிருந்து பாதுகாப்பு அட்டையை எடுத்து மிகக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டை அழுத்தினார்.

“என்ர பிழை, பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்” என்றார் அவளிடம். பணிப்பெண்ணிடம் சோடாவும் துணியும் கேட்டு வாங்கிக் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்கக் கறை வெளிறி, நீண்டு, ஒரு முனை கூர்மையாகி நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மாவிலை மாதிரி இருக்கு” என்றாள்.

“வாசல்ல கட்ட வேண்டியதை உடுப்பில கட்டிப்போட்டன்” என்றார் அண்ணன். அழுகையோடு சிரித்துவிட்டாள். இறங்கும்வரை தன் அக்காவைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே இருந்தாள். வெளியே மேகங்கள் மிக மெதுவாக, எங்கும் போகாதவை போலப் போயின. அன்று யாரும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

திருச்சியில், விடுதி வாசலில் வைத்து அவரிடம் சண்டை போட்டேன்.

“ஏன் அண்ணே ஒத்துக்கிட்டீங்க?”

“அழுற பிள்ளையிட்ட உடனே ஒருத்தர் மன்னிப்புக் கேக்க வேணும். ஆரெண்டு விசாரிச்சுக்கொண்டு இருந்தா மை காய்ஞ்சுபோம்.”

“அவரு கேட்டிருக்கலாமே.”

“அவர் நாளைக்கு மேடையில பேச வேணும். எனக்கு மேடை இல்லை.”

“நான் எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.”

அவர் சிரித்தார். “நான் இருக்குமட்டும் சொல்லாதேங்கோ. போனபிறகு விருப்பம்போலச் சண்டை பிடியுங்கோ.”

அந்த அனுமதி இப்போது என் கையில் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் அந்தக் கதையை நன்றாகவே சொன்னார். மாவிலையைக்கூட விடவில்லை. பேனாவை மட்டும் மாற்றிவிட்டார். நான் எழுந்து, “அது அவரோட பேனா இல்ல” என்றேன். நிகழ்ச்சியை நடத்திய பெண் ஓடிவந்து, “ஆன்ட்டி, டைம் ஆச்சு லா. நெக்ஸ்ட் ஸ்பீக்கர் வெயிட் பண்றாங்க” என்றாள். “நானுந்தான் ரொம்ப வருஷமா வெயிட் பண்றேன்” என்றேன். மைக் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

வடையும் தேநீரும் கொடுத்த இடத்தில் தலைவரைப் பிடித்தேன்.

“யாரோட பேனா கசிஞ்சது?”

“அக்கா, நீங்க இன்னும் மாறவே இல்ல. அவர் கையிலதானே இருந்துச்சு? பாதி சரிதானே?”

“பாதி வேணாம். பச்சை மை யாரோடது?”

அவர் கோப்பையைப் பார்த்தார். “அவரே ஒத்துக்கிட்டாரே, அக்கா” என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம். உண்மையாகவே மறந்துவிட்டவரோடு எப்படிப் போடுவது? அண்ணன் அவ்வளவு சுத்தமாக அந்தத் தப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, மேலே ஏறும்போது அவர் இருந்த அந்த இருப்பு. ரயில் ஈசூனை விட்டு உயரப் பாதையில் வேகமெடுக்கும்போது, ஒருபுறம் நீர்த்தேக்கம் வெளுத்துக் கிடக்கும்போது, என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. கண் மூடுகிறது. நல்லா இருக்கிறது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டே இருக்க நான் அண்ணன் அல்ல. ஆகையால் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

தலைவர் அடுத்த கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில், “கசிந்தது என் பேனா” என்று சொல்ல வேண்டும். சிரிப்பு வரும்படி சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லும்வரை ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

செயலாளர் அந்த அட்டையைக் கிழிக்க வேண்டும். கிழிக்குமுன் பேனாவின் மூடியைத் திறந்து முனையைப் பார்க்கட்டும். நீலம்தான் காய்ந்திருக்கும். வேறு மையை அது அறியாது. பார்த்தபின் பேனாவை அண்ணனின் மகள் சுமதியிடம் திருப்பித் தர வேண்டும். அப்பாவுக்கு மரியாதை செய்யக் கேட்கிறார்கள் என்று நம்பித்தான் அந்தப் பிள்ளை கொடுத்தாள். அட்டையில் என்ன எழுதுவார்கள் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

சுமதி, நீ மெல்பர்னுக்குத் திரும்பும் முன் அதைத் தண்ணீரில் கழுவி, நீல மையை விளிம்புவரை நிரப்ப வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பாதே, கையோடு கொண்டு போ. முனை மேலே பார்க்கட்டும். ஏறும்போது யாரோடும் பேசாதே. மேகத்தைத் தாண்டியதும் திறந்து, கையில் அகப்படும் காகிதத்தில் ஒரு சொல் எழுது. என்ன சொல் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம். பயப்படாமல் திற. கசியாது.