தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்

வளைகுடாவில் நான் பார்த்த கிடங்கு வேலை போய், திருமலைராயன்பட்டினத்துக்கே திரும்பி வந்திருந்த சமயம் அது. வீட்டில் என் மனைவி அழைப்பிதழ் போட்டுக் கொடுக்கும் வேலையை நன்றாக நடத்திக்கொண்டிருந்தாள். நிக்காஹ் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, காரைக்கால்மேட்டிலிருந்து மீனவர் கூட்ட நோட்டீஸ் என்று எல்லாம் அவளிடம் வரும். முன் அறையில் ஒரு பழைய சிஸ்டம். உப்புக்காற்றில் அதன் திருகுகளெல்லாம் துருவேறிக் கிடந்தன.

எனக்குத்தான் அந்த வீட்டில் வேலை இல்லை. காலையில் மீன் வாங்கி வருவேன். அங்கே இங்கே வேலைக்கு எழுதிப் போடுவேன், பதில் வராது. அதனால் ஒருநாள் அவள், "மத்தியானம் ஆச்சுன்னா இந்த சிஸ்டம் நகரவே மாட்டேங்குது, என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றபோது எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதில் சிஸ்டம் மானிட்டர் என்று ஒரு மென்பொருள் இருந்தது. எந்தெந்த அப்ளிகேஷன் ஓடுகிறது, எது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும். திறந்து பார்த்தேன். பிரவுசர் இருந்தது, கால்குலேட்டர்கூட இருந்தது. ஆனால் அவள் காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த டிசைன் மென்பொருளைக் காணோம். பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றுகிற மென்பொருளையும் காணோம். மெமரி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நிரப்பியது எது என்று மட்டும் தெரியவில்லை.

"இதையெல்லாம் நீ சரியா இன்ஸ்டால் பண்ணலையோ?"

"பண்ணாமத்தான் இத்தனை பத்திரிகை அடிச்சேனா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காணாத இரண்டையும் அழித்து மறுபடி நிறுவினேன். அதே கதைதான். அந்த மானிட்டரை எழுதியவர் எங்கோ தூர தேசத்தில் இருக்கிறவர், சம்பளம் வாங்காமல் செய்கிறவர். அதிலேயே கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு, எனக்குத் தெரிந்த கிடங்கு இங்கிலீஷில் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிகிறது, வேறு விவரம் இருந்தால் சொல்லுங்கள். விட்டுவிடலாம் என்று தோன்றியது. இன்னும் என்ன விவரம் சொல்வது?

அந்த வாரமே குரும்பகரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் பத்திரிகையைச் சரிபார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெயர்களை வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிட்டது. நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். மனைவி சிரித்த முகத்தோடு பேச்சுக்கொடுத்துக்கொண்டே சிஸ்டத்தை அணைத்து மறுபடி போட்டாள். அவர்கள் போன பிறகு அவள் பெயர்களை முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கையில் முருங்கைக்கீரையோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"இது காட்டுறதெல்லாம் சிஸ்டம் கூடவே வந்தது. காட்டாததெல்லாம் நான் இறக்கி வச்சது. அத்தனையும் என் ஃபோல்டர்லதான் இருக்கு" என்றாள்.

அந்த ஃபோல்டருக்கு அவள் வைத்திருந்த பெயர் 'வேலை'. தமிழிலேயே.

எனக்கு ஏதோ உறைத்தது. இங்கிலீஷ் பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, டிசைன் மென்பொருளை அதில் நகலெடுத்து அங்கிருந்து திறந்தேன். மானிட்டரில் தன் படத்தோடு உடனே வந்து நின்றது.

"அவ்வளவுதான், பேரை இங்கிலீஷுக்கு மாத்திட்டாப் போதும்" என்றேன்.

"எதுக்கு மாத்தணும்?" அவள் கீரையைக் கீழே வைத்தாள். "பத்திரிகை தமிழ்ல, அடிக்கிற நான் தமிழ், ஃபோல்டர் மட்டும் இங்கிலீஷா? அவருக்கு எழுதுங்க. நம்மள மாதிரி இன்னும் எத்தனை பேர் முழிச்சுக்கிட்டு இருக்காங்களோ."

எழுதினேன். சாயங்காலமே பதில். என் கடிதத்திலிருந்து 'வேலை' என்ற சொல்லை நகலெடுத்து அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கிப் பார்த்தாராம். அவர் கணினியிலும் அப்ளிகேஷன் மறைந்துவிட்டதாம். மென்பொருள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று படிக்கிற இடத்தில், இங்கிலீஷ் அல்லாத எழுத்து வந்ததும் நிரல் நின்றுவிடுகிறது, இத்தனை காலம் அதைச் சோதிக்கத் தோன்றவே இல்லை, நன்றி என்று எழுதியிருந்தார். மனைவி அந்தப் பதிலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சில நாளில் சரிசெய்த பதிப்பை அனுப்பி, சோதித்துச் சொல்லுங்கள் என்றார். போட்டுப் பார்த்தோம். காணாமல் போனவையெல்லாம் வரிசையாக வந்திருந்தன. எழுத்துரு மாற்றி மட்டும் ஒன்றல்ல, ஒரு கூட்டமாகவே வந்திருந்தது. திரையில் அதன் ஜன்னலை மூடினாலும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இன்னொன்று சேர்ந்துகொண்டு. எல்லாவற்றையும் நிறுத்தினேன். சிஸ்டம் லேசாகிவிட்டது. "புது சிஸ்டம் வாங்கணும்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள்.

அவர் மறுபடியும் எழுதினார். இந்த மானிட்டரில் வரும் சொற்களைத் தமிழில் தர முடியுமா என்று கேட்டிருந்தார். என்னை நம்பி ஒருவர் ஒரு வேலை கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சரி என்று எழுதிவிட்டேன்.

இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அந்தச் சொற்களோடு உட்காருகிறோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் அடுத்த வாரம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைத்தால் சந்தோஷம். கிடைத்தாலும் இதை விடப்போவதில்லை.

நேற்று ஒரு பொத்தானுக்கு 'செயல்முறையை முடிவுறுத்து' என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"யாருக்குங்க புரியும் இது? 'நிறுத்து'ன்னு போடுங்க."

"அகராதியில அப்படித்தான் இருக்கு."

"அழுத்தப் போறது அகராதியா, நானா?"

'நிறுத்து' என்று போட்டேன். வாசலில் பத்திரிகைக்கு ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். நான் அடுத்த சொல்லுக்கு வந்தேன்.