அவன் எடுத்திருப்பான் என்று நினைத்தேன்

எங்கள் திருச்சியில் நண்பர்கள் சேர்ந்து பஸ் ஏறினால், முதலில் ஏறுகிறவன் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துவிடுவான். கேட்கவே வேண்டாம். அந்தப் பழக்கத்தோடுதான் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனேன்.

அங்கே எனக்கு ஒரே துணை ரகு. ஸ்ரீரங்கத்தில் என்னோடு பள்ளியில் படித்தவன். முதல் வாரம், பாஷையும் தெரியாமல் வழியும் தெரியாமல் அவன் பின்னாலேயே டிராமில் ஏறினேன். கண்டக்டர் இல்லை. மிஷினில் அவன் ஏதோ தட்டினான். எனக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார். ரகு தன் டிக்கெட்டைக் காட்டினான். நான் ரகுவைக் காட்டினேன்.

"உங்களோடு வந்தவரா?" என்று அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யாருன்னு தெரியாது."

என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். அவனோடு டிராம் போய்விட்டது.

"இங்கயே தங்க அப்ளை பண்ணியிருக்கேன்டா, வம்பு எதுக்குன்னுதான்..." என்றான் பிறகு.

போன மாதம் இருவருமே லீவில் வந்திருந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தான். காவிரிப் பாலத்தில் கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு ஸ்ரீரங்கம்" என்றான் ரகு, பழையபடி.

"நீங்களும் இவரோடவா சார்?" என்று கண்டக்டர் என்னைக் கேட்டார்.

"இல்லைங்க. யாருன்னே தெரியாது."

இதைச் சொன்னால் மனசு ஆறும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று டிராமில் அவன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லையே என்று எத்தனையோ நாள் குமுறியிருக்கிறேன்.

என் குரலும் நடுங்கவில்லை.