எல்லம்மாள் அடித்த புதுப் பந்து

மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு கோல்ஃப் ரேஞ்ச் இருக்கிறது. பெரிய மைதானம் என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பேர் வரிசையாக நின்று அடிக்க ஒரு கூரை, எதிரே இருநூற்று முப்பது கெஜத்துக்குப் புல், முடிவில் மூன்று ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வலை, அவ்வளவுதான். வருகிறவர்கள் கூடை கூடையாகப் பந்து வாங்கி அடித்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் முடித்தவர்கள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு காரேறிப் போவார்கள். அடித்த பந்தை யார் பொறுக்குவது? யார் கழுவுவது? அதற்குத்தான் எல்லம்மாள் இருந்தாள்.

கருங்குழிப் பக்கம் பிறந்தவள். ஏசி மெக்கானிக் மணிக்கு வாழ்க்கைப்பட்டுப் பூஞ்சேரிக்கு வந்தவள். வயது முப்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் வட்டு எறிந்து மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். பத்தாவதோடு படிப்பு நின்றது, வட்டும் நின்றது. தோளை மட்டும் யாரும் பிடுங்கிக்கொள்ள முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம், வாடிக்கையாளர்கள் போன பிறகு அவள் பழைய மட்டை ஒன்றை எடுத்துச் சும்மா வீசிக்கொண்டிருந்தாள். மட்டை வீசும் வேகத்தைக் காட்டும் பெட்டியை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். முதலாளி ஜெபகுமார் தற்செயலாகத் திரையைப் பார்த்தார். மணிக்கு நூற்று நான்கு மைல். நாகர்கோவில்காரர், கல்பாக்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்; கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். பெட்டியை அணைத்து, மறுபடி போட்டு, "இன்னொரு தடவை அடிம்மா" என்றார். நூற்று மூன்று. இன்னொரு தடவை. நூற்று ஐந்து. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே ஓய்வு பெற்றவர்கள். முக்கி முனகி வீசினாலும் எண்பத்தைந்தைத் தாண்டாது. ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அது நடந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்த டிரைவர் வந்தது. டிரைவர் என்றால் மட்டைகளிலேயே பெரிய தலை உள்ளது, தூரமாக அடிப்பதற்கு. இது புது மாதிரி. பந்து பறக்கும்போது பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகுமே, அதற்கு ஸ்பின் என்று பெயர். அது கூடினால் பந்து வானத்தில் ஏறி நின்றுகொண்டு தூரத்தைக் கோட்டைவிடும். வேகமாக வீசுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அவர்களுக்காகவே ஸ்பின்னைக் குறைக்கிற மாதிரி செய்த மட்டை இது. நூறு மைலுக்கு மேல் வீசுகிறவர்களுக்கு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. இறக்குமதி செய்கிறவர்கள் ஒன்றே ஒன்றைப் பத்து நாள் பார்த்துவிட்டுத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஜெபகுமார் எல்லம்மாளைக் கூப்பிட்டார். "இத நீதான் அடிச்சுப் பாக்கணும். நூறு தாண்டுற ஆளு இங்க வேற யாரு இருக்கா?"

"இன்னா சார், நானா?"

"நீதான். அடிச்சுப் பாத்துட்டு எழுத்துல குடு. நல்லா இருக்கு, இல்ல, எதுவானாலும் சரி. ஆனா சரியா இருக்கணும். ஆளுக்கேத்த மட்ட பாத்துக் குடுக்க ஒரு ரூம் போடறேன்னு சொல்லிட்டே இருக்கேன்ல, அதுக்கு ஒரு ஆளு வேணும். உன் ரிப்போர்ட்டப் பாத்துட்டுச் சொல்றேன்."

எட்டு வருஷம் வெயிலில் குனிந்து குனிந்து நடந்த எல்லம்மாளுக்கு ஒரு அறை, ஒரு மேஜை, தன் பேச்சைக் கேட்டு நாலு பேர் மட்டை வாங்குவார்கள் என்ற நினைப்பு. ஆசைப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா?

நான்கு நாள் காலையில் ஆறு மணிக்கே வந்தாள். கடல் காற்று எழும்புவதற்குள் அடித்து முடித்துவிட வேண்டும். மொத்தத்தில் பழைய டிரைவரில் நாற்பது பந்து, புதியதில் நாற்பது. பெட்டி எண் காட்டியது. ஆனால் எல்லம்மாள் நம்பியது பந்து விழுந்த இடத்தை. நடந்து போய், பழைய மட்டையின் பந்துக்கு வெள்ளைக் கொடி, புது மட்டைக்குச் சிவப்புக் கொடி என்று நட்டாள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு விஞ்ஞானி கூட அத்தனை ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார். வெள்ளைக் கொடிகள் இருநூற்றைந்து கெஜத்தில் நின்றன. சிவப்புக் கொடிகள் நூற்று எண்பத்தைந்தைத் தாண்டவே இல்லை. புது மட்டையில் பந்து கிளம்பும்போது பாய்ந்து கிளம்பியது, பாதி வழியில் உயிர் போனது போல இறங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை, மகளின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக் கொடுத்தாள். கடைசி வரி: "வேகமாக அடித்தாலும் பந்து செத்து விழுகிறது. வாங்க வேண்டாம்."

ஜெபகுமார் இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பொருள் ஓசில வந்தா ஆகா ஓகோன்னு எழுதறவங்கதான் ஜாஸ்தி. வேண்டாம்னு எழுத ஒரு தைரியம் வேணும். திங்கக்கிழம ரூம் சாவிய வாங்கிக்கோ" என்றார். அதோடு விட்டாரா? அந்தத் தாளைப் படம் பிடித்து உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். மட்டையைத் திங்கட்கிழமை கூரியரில் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு.

அன்று மதியம் எல்லம்மாள் தொட்டியில் பந்து கழுவிக்கொண்டிருந்தாள். மனசு சாவியிலேயே இருந்தது. கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே போனபோது ஒரு பந்து மட்டும் கட்டைவிரலில் சொரசொரவென்று பட்டது. எடுத்துப் பார்த்தாள். உறுப்பினர் தாமோதரனின் சொந்தப் பந்து. பையிலிருந்து எப்படியோ உருண்டு இதில் சேர்ந்திருக்கிறது. புத்தம் புதுசு. மேலே இருக்கிற சின்னச் சின்னக் குழிகள் அப்படியே கூர்மையாக இருந்தன.

பக்கத்தில் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தடவினாள். சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

இன்னும் நாலைந்தை எடுத்துத் தடவினாள், எல்லாமே அப்படித்தான் இருந்தன.

மூட்டைப் பந்து என்பது தேய்ந்துபோய்க் கழித்துக் கட்டிய பந்து. பணியாளர்கள் யாராவது அடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் அதில்தான் அடிக்க வேண்டும். பந்து அலமாரிக்கு மேலே பலகையே மாட்டியிருந்தது: "பணியாளர்கள் மூட்டைப் பந்தில் மட்டும் அடிக்கவும்." எட்டு வருஷப் பழக்கம். சோதனை என்று சொன்னபோதும் அவள் கை யோசிக்காமல் மூட்டைக்குள்தான் போயிற்று. எண்பது பந்தும் மூட்டைப் பந்து.

தேய்ந்த பந்து தூரம் போகாது என்பது அவளுக்குத் தெரியாததா? ரேஞ்சுக்குப் புதுப் பந்து வந்து இறங்கிய வாரமெல்லாம் பொறுக்குகிறவர்களுக்கு நடை கூடும். நாள் போகப் போகக் குறையும். குழி தேய்ந்தால் காற்று பந்தைத் தாங்காது. பழைய மட்டையிலாவது ஸ்பின் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது. இந்த மட்டையில் அந்த ஸ்பின்னும் இல்லை. பிறகு பந்து சாகாமல் என்ன செய்யும்? குற்றம் மட்டையில் இல்லை, தன்னிடம்தான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் மணியிடம் சொன்னாள். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"அப்ப கம்முனு கெட. மட்ட திங்கக்கெழம போயினே இருக்கப்போவுது. சாவி உன் கைக்கு வந்துரும். அப்பால இன்னா பேஜாரு?"

"குரூப்புல வேற போட்டுக்கினு கீறாருய்யா. அத்தினி பேரும் நம்பிக்கினு கீறாங்க."

"நம்பட்டுமே. மட்டைக்கு இன்னா வாயா கீது, வந்து சண்ட போட?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, பெண்டாட்டிக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னான். அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் இட்லிக்கு மாவு அரைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கட்டைவிரலில் அந்தச் சொரசொரப்பு போகவே இல்லை. பந்து தெரிந்தவள் என்றுதானே அந்த அறையைக் கொடுக்கிறார்? பந்து விஷயத்திலேயே பொய் சொல்லிவிட்டு அங்கே போய் எந்த முகத்தோடு உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபகுமார் கூரைக்கடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாமோதரன். அறுபத்தெட்டு வயது. அந்தப் புது மட்டை மேல் அவருக்கு ஒரு கண். எல்லம்மாளின் ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தனியாகச் சொல்லலாம் என்று வந்த எல்லம்மாள் அவரைப் பார்த்ததும் தயங்கினாள். தயங்கினால் அப்புறம் சொல்லவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், நா எழுதிக் குடுத்தது தப்பு சார்."

ஜெபகுமார் டம்ளரை வைத்தார். "எது தப்பு?"

"எல்லாமே. மூட்டப் பந்துல அடிச்சுட்டேன். பந்து செத்தது மட்டையால இல்ல. பந்தே செத்த பந்து."

தாமோதரன் சிரித்துவிட்டார். "பாருங்க ஜெபகுமார், இவள நம்பி குரூப்ல போட்டீங்களே."

ஜெபகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம்தான், வராமல் இருக்குமா? "ஏம்மா, எட்டு வருஷமா பந்துலயே கெடக்குற. சோதனைக்குப் புதுப் பந்து எடுக்கணும்னு கூடவா தெரியல?"

எல்லம்மாள் தலை குனியவில்லை. "எடுக்கக்கூடாதுனு நீங்கதான சார் போர்டு மாட்டி வெச்சுக்கினு கீறீங்க. இந்த எட்டு வருஷத்துல நா ஒரு புதுப் பந்து அடிச்சது இல்ல."

ஜெபகுமார் திரும்பிப் பலகையைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். பந்து திருட்டுப் போகிறது என்று என்றைக்கோ மாட்டியது, மாட்டியதையே மறந்துபோயிருந்தார்.

"ஒரு டப்பா புதுப் பந்து குடுங்க சார்" என்றாள் அவள். "அடிச்சுக் காட்டிட்டுப் போறேன். அப்பால சாவி குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அவரே எழுந்து போய் அலமாரியைத் திறந்து பன்னிரண்டு பந்து உள்ள டப்பாவைக் கொண்டுவந்தார்.

ஆறு பந்தைப் பழைய டிரைவரில் அடித்தாள். வெள்ளைக் கொடிகளைத் தாண்டி வலைக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தன. பிறகு புது மட்டையை எடுத்தாள். முதல் பந்து ஓரமாகப் போய்விட்டது. தாமோதரன் தொண்டையைக் கனைத்தார். இரண்டாவது பந்தை வைத்துவிட்டு, வட்டு எறிகிற நாளில் செய்ததுபோல ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அடித்தாள். சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து நேராகப் பாய்ந்தது, சாகிற இடம் வந்தும் சாகவில்லை, போய்க்கொண்டே இருந்தது. வலைக்கு மேலே போய்ச் சவுக்குத் தோப்புக்குள் இறங்கியது.

அந்த ரேஞ்சில் யார் அடித்த பந்தும் அதுவரை வலையைத் தாண்டியதில்லை. எல்லம்மாளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், மறைக்கவும் இல்லை. மூன்றாவதும் நான்காவதும் வலையில் மோதின. ஐந்தாவதும் தோப்புக்குள் போயிற்று. ஆறாவது பந்து வலையின் உச்சியில் பட்டு விழுந்தது.

"குடு, குடு, நானும் அடிக்கிறேன்" என்று தாமோதரன் எழுந்துவிட்டார். அவருடைய பையிலிருந்த புதுப் பந்திலேயே ஐந்து அடித்தார். வேகம் எண்பத்திரண்டு. ஐந்தும் நூற்றைம்பதுக்குள் தொப்பு தொப்பென்று விழுந்தன. அவருடைய பழைய மட்டையில் அடித்தபோது அதைவிடப் பதினைந்து கெஜம் கூடவே போயிற்று.

"சார், இது உங்களுக்கானது இல்ல" என்றாள் எல்லம்மாள். "உங்க வேகத்துக்குக் கொஞ்சம் ஸ்பின் வோணும். அதான் பந்தத் தூக்கிக்கினு போவும். வேற மட்ட பாப்போம், நா எடுத்துத் தரேன்."

தாமோதரன் முறைத்தார். ஆனால் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேற எது?" என்று கேட்கவும் செய்தார்.

அந்த அறைக்கு வந்த முதல் கேள்வி அதுதான் என்று ஜெபகுமாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சாவி திங்கக்கிழமன்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல" என்றார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த பலகையைத் தன் கையாலேயே கழற்றினார்.

எல்லம்மாள் உட்கார்ந்து புதிதாக ஒரு ரிப்போர்ட் எழுதினாள். முன்பு எழுதியது தவறு, அது தேய்ந்த பந்தில் பார்த்தது என்று தொடங்கினாள். நூறு மைலுக்கு மேல் வீசுகிறவர்களுக்கு நல்ல மட்டை, அதற்குக் கீழே உள்ளவர்கள் வாங்க வேண்டாம் என்று எழுதினாள். எட்டு வருஷமாக ஒரு பந்து குறைந்தாலும் புதரெல்லாம் விலக்கித் தேடியவள், கடைசி வரியை இப்படி முடித்தாள்:

"பன்னிரண்டில் இரண்டு பந்துகள் வலையைத் தாண்டிப் போய்விட்டன. தேடவில்லை."